இருபத்தேழு இடது ரெக்கை இறகு

கூடைய மிதிச்சறாதீங்க அம்மிணி. சித்த தள்ளி உக்காருங்க. ஆட்டையும் அந்தப் பக்கமாப் புடிச்சுக்குங்க, தாசில்தாருக்கு ஆடுன்னா ஆகாது. டாக்டரு எங்கியோ மாடு கன்னு போட முடியாமக் கெடக்குதுன்னு போயிருக்காராமா. வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆகும்னு அந்தக் கம்பவுண்டரு சொல்றாரு. உக்காருங்க, பேசிட்டிருக்கலாம்.

ஆமாங்க, வான்கோழிதான். பேருதான் தாசில்தார். நான் முப்பத்தோரு வருசம் சர்வேயரா இருந்தவனுங்க. எத்தனை தாசில்தாரைப் பாத்திருப்பேன்! கிட்டப் போனா உப்பிக்குவாங்க, என்ன கேட்டாலும் பதில் வராது, நாம திரும்பி நடந்தா மட்டும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். இதும் அதே குணம். அதான் வெச்சுட்டேன்.

கூடைக்கு வெளிய நீட்டிட்டிருக்கறது வெறகு இல்லீங்க. அம்பு. வேட்டை அம்பு. ஒம்பது இருக்குது. மொனையெல்லாம் வெளிய, இறகு ஒட்டுன பக்கம் பூராவும் இது அடியில. சாயந்தரம் நாலு மணிக்கு எங்கூரு சாமி குதிரை மேல ஏறி வேட்டைக்குப் பொறப்பட்டுருவாரு. அதுக்குள்ள இது எந்திரிச்சாகணும். எந்திரிக்கலீன்னா இருநூறு வருசமா எங்க குடும்பத்துல இருக்கிற அம்பு முறை இன்னியோட போச்சு. இது உக்காந்து இன்னிக்கு இருபத்தெட்டு நாளாச்சுங்க.

என்னங்க? சித்த இருங்க, நான் முழுசாச் சொல்லிடறேன். பாதியில பூந்தா உங்களுக்குத்தான் புரியாது.

விஜயதசமியன்னிக்கு உங்கூருலயும் சாமி அம்பு போடும்ல? அதேதான். எட்டுத் திக்குக்கு எட்டு அம்பு, ஒம்பதாவது அம்பு வாழை மரத்துக்கு. சாமிக்குப் பதிலா நாங்க போடுவோம். எங்கப்பன் என்ன பண்ணுவாருன்னா, அம்பைக் கையில எடுத்துட்டு நேரா வாழை மரத்துக்கிட்ட நடந்து போயி, சதக்குனு குத்திட்டு வந்துருவாரு. எங்க தாத்தனும் அப்படித்தான். இருநூறு வருசத்துல ஒருத்தனும் குறி தப்புனதில்ல. எப்படித் தப்பும்? தப்பவே வழியில்லாம வெச்சிருந்தாங்க.

எனக்கு முறை வந்தப்ப எனக்கு அது ஒப்பலீங்க. சாமி வேட்டைக்குப் போறாரா, கசாப்புக் கடைக்குப் போறாரா? வேட்டைன்னா அம்பு பறக்கணும். முப்பது தப்படி தள்ளி நின்னு உடணும். நானே சங்கிலி போட்டு அளந்து கோடு கிழிச்சேன். போன வருசம் சேவ இறகு ஒட்டி ஒரு அம்பு பண்ணி உட்டேன். அது வாழை மரத்தைப் பாத்துத்தான் போச்சு. பாதி தூரம் ஒழுங்காப் போயி, அப்புறம் என்ன நெனைச்சுதோ, சோத்தாங்கைப் பக்கம் திரும்பி, தவிலு வாசிக்கிற ஆறுச்சாமி மடியில இருந்த தவில்ல போயிக் குத்தி நின்னுருச்சு. அவரு பாவம், ரெண்டு அடி வாசிச்சு முடிச்ச பொறகுதான் குனிஞ்சு பாத்தாரு.

கோயில் கமிட்டியைக் கூட்டிட்டாங்க. என்ற பங்காளி சென்னியப்பன் இருக்கானே, அவன் எந்திரிச்சு, ‘அண்ணனுக்கு வயசாயிருச்சு, முறையை எனக்குக் குடுங்க, நான் பழையபடி நடந்து போயிக் குத்திடறேன்’னான். எனக்கு வந்துச்சு பாருங்க ஆங்காரம்! ‘அடுத்த வருசம் இதே முப்பது தப்படி. அம்பு வாழையில நிக்கலீன்னா முறையை நீயே எடுத்துக்கோடா’ன்னு சபையில சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதானுங்களே.

குத்தம் என்ற கையில இல்லீங்க. இறகுல. போன்ல ஒரு வெள்ளைக்காரன் அம்பு பண்றான், நாள் பூராவும் அதையே பாத்தேன். அவன் பேசறது ஒண்ணும் புரியாது, கை வேலை புரிஞ்சுது. சேவ இறகு ஆகாது, வான்கோழி ரெக்கை இறகுதான் வேணும். கெட்டியா இருக்கும். நடுத்தண்டைப் பிளேடுல நீளவாக்குல ரெண்டாப் பொளக்கணும். கை ஒரு நூலு ஆடுச்சுன்னா இறகு வீணு. பொளந்ததை உப்புத்தாள்ல தேச்சு, நாலு அங்குலத்துக்கு வெட்டி, ஆசாரிங்க வெச்சிருக்கிற வஜ்ஜிரத்துல ஒட்டி, பட்டு நூலைச் சுத்தணும். ஒரு அம்புக்கு மூணு இறகு. ஒண்ணுக்கொண்ணு நூத்தி இருபது டிகிரி. டிகிரியெல்லாம் எனக்குச் சொல்லித் தரணுங்களா?

ஆனா சூட்சுமம் அதுல இல்ல. இடது ரெக்கை இறகு ஒரு பக்கமா வளையும், வலது ரெக்கை இறகு எதிர்ப்பக்கமா வளையும். ஒரே அம்புல ரெண்டையும் கலந்து ஒட்டுனீங்கன்னா, ஒண்ணு இங்க வாங்குது, இன்னொண்ணு அங்க வாங்குது, அம்பு தவிலுக்குப் போயிருது. எதாவது ஒரே ரெக்கையா இருந்தாப் போதும்னுதான் அந்த வெள்ளைக்காரன் காட்டறான். அவனுக்கு நம்ம சாமியைத் தெரியாதில்லீங்களா? எங்க சாமி குதிரையில இடது பக்கமாச் சாஞ்சு உக்காந்திருப்பாரு. அப்ப இடதுதான். ஒம்பது அம்புக்கு இருபத்தேழு இறகு, பூராவும் இடது ரெக்கை. கணக்கு அவ்வளவுதான்.

வான்கோழி எங்க ஊட்டுலயே இருந்துச்சு. என்ற சம்சாரம் துளசிமணி குஞ்சுலிருந்து வளத்தது. அறுக்கறதுக்கு இல்லீங்க, சும்மா ஆசைக்கு. புடுங்குனா பாவம், அதனால தானா உதுந்து விழட்டும்னு முடிவு பண்ணிட்டேன். காலைல ஆறு மணிக்கு அது கூண்டைவிட்டு வெளிய வந்தா, நானும் ஒரு பை, ஒரு நோட்டு எடுத்துட்டு அது பின்னாலயே கெளம்பிருவேன். அது நின்னா நிப்பேன், அது நடந்தா நடப்பேன், பக்கத்துத் தோட்டத்து வான்கோழிகளோட மேயப் போனா நானும் வேலியோரமா நிப்பேன். இறகு விழுந்தா எடுத்து, இடதா வலதான்னு பாத்து, நோட்டுல குறிச்சுக்குவேன். வலதுன்னா தூக்கிப் போட்டுருவேன். அதையெல்லாம் துளசிமணி பொறுக்கி ஒரு தலகாணி தெச்சா. அந்தத் தலகாணியில நான் படுக்க மாட்டேனுங்க, எனக்கு என்னமோ தல வலப்பக்கமாச் சுத்தறாப்பல இருக்கும்.

ஒரு வருசம் இப்படிப் போச்சு. ஒரு நாளு துளசிமணி கேக்கறா, ‘ஏனுங்க, கல்யாணம் ஆயி முப்பத்திமூணு வருசமாச்சே, என் பின்னால இப்படி ஒரு நாளாவது நடந்திருக்கீங்களா?’ன்னு. ‘உனக்கு இறகு இருக்குதா?’ன்னேன். சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கலீங்க.

ஆனா ஒண்ணு சொல்லோணும், சோத்துல கொறை வெக்க மாட்டா. அப்பெல்லாம் காலைல ஒரு ஆப்பாயில் போடுவா பாருங்க, தட்டை ரொப்பிரும். ஒரு முட்டை ரெண்டு முட்டைக்குச் சமம். எந்தக் கடைக்காரன் இத்தாப் பெரிய முட்டை குடுக்கறானோ, நல்லா இருக்கட்டும்னு நெனைச்சுக்குவேன். எந்தக் கடைன்னு நான் கேட்டதில்ல. பொம்பளைங்க கடைகண்ணி விசயத்துல நான் தலையிடறது கெடையாது.

என்னங்க சிரிக்கறீங்க? ஆடு காலை மிதிச்சுருச்சுங்களா? சரி, கேளுங்க.

ஆவணி கடைசியில பாத்தா இருபத்திநாலு இறகுதான் தேறியிருக்குது. மூணு பத்தல. நாளும் நெருங்கிருச்சு. தாசில்தாரு அசந்து நின்ன நேரமாப் பாத்து, மூணே மூணு இறகு, நானே... உங்ககிட்டச் சொல்றதுக்கென்னங்க, புடுங்கிட்டேன். அது ‘கிர்ர்’னு ஒரு சத்தம் போட்டு என்னையத் திரும்பிப் பாத்துச்சு. சர்வீஸ்ல ஒரு தடவை ஒரு ஏழைக் கெழவனோட நெலத்தை அரைக்கால் செண்டு கொறைச்சு அளந்துட்டேன். அவன் பாத்தான் ஒரு பார்வை. அதே பார்வைங்க.

ஒம்பது அம்பும் முடிச்சு, வஜ்ஜிரம் காயட்டும்னு பொடக்காளியில இந்தக் கூடையில வெக்கோலைப் போட்டு, அடுக்கி வெச்சுட்டு வந்தேன். ஊட்டுக்குப் பொறத்தாண்ட காத்தாட இருக்கும் பாருங்க, அங்க. மறுநாள் காலைல போயிப் பாக்கறேன், தாசில்தாரு அம்பு மேல ஏறி உக்காந்திருக்குது! தன்ற இறகைக் கண்டுபுடிச்சுருச்சுங்க. கேட்டு வாங்கறதுக்கு உக்காந்துருச்சு. மறியல்!

கையை நீட்டுனா கொத்துது. இந்தக் கட்டு அதுதான். பாம்பாட்டம் சீறுது. அதைவிடக் கொடுமை, தன்ற நெஞ்சுல இருக்கற பூ இறகைத் தானே புடுங்கிப் புடுங்கிப் போடுதுங்க. ‘மூணு புடுங்குனியே, இந்தா, எல்லாத்தையும் எடுத்துக்கோ’ங்கற மாதிரி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

தீனியும் தொடறதில்ல, நான் பாத்துட்டிருக்கற வரைக்கும். நான் அந்தாண்ட போயிட்டு வந்தா சோளம் கொறைஞ்சிருக்கும். உண்ணாவிரதம்னா எல்லாரும் அப்படித்தானுங்களே, அதைக் குத்தம் சொல்ல முடியாது.

துளசிமணி இருக்காளே, அவளை மட்டும் அது ஒண்ணும் பண்ணாது. அன்னிக்கே பொழுது சாயறப்ப போயி அது அடியில கையை உட்டு என்னமோ வெச்சுட்டு வந்தா. லஞ்சம் குடுத்துப் பேசிப் பாக்கறான்னு நெனைச்சேன். ‘ஏனுங்க, அது வந்து...’ன்னு ஒரு நாளு ஆரம்பிச்சா. ‘எனக்கும் அதுக்கும் இருக்கற வழக்கு, நீ உள்ள போ’ன்னுட்டேன். மறுக்கா ஒரு நாளு வந்தா. ‘உனக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு சொல்லிட்டேன். ஆப்பாயிலும் அந்த வாரத்தோட நின்னு போச்சுங்க. பொம்பளைங்களுக்குக் கோபம் வந்தா மொதல்ல நம்ம தட்டுலதான் கை வெப்பாங்க.

அப்புறம் பொட்டியைக் கட்டிட்டா. கொழுந்தியா மகளுக்குப் பேறுகாலமாமா, வெள்ளக்கோயிலுக்குப் போறேன்னு ஒரு சாக்கு. கொழந்தையும் பொறந்ததுங்க, அது வேற விசயம். போறப்ப வாசல்ல நின்னுட்டு, ‘ஒரு மாசம் ஆகும். அது வரைக்கும் அதை எழுப்பாதீங்க, தண்ணி மட்டும் வெய்யுங்க’ன்னா. பாத்தீங்களா? முப்பத்திமூணு வருசம் என்ற கூட இருந்துட்டு, கடைசியில ஆளு அந்தக் கட்சி.

நாலு தடவை போன் பண்ணுனா. எடுக்கலீங்க. போனவதானே வரோணும்?

அப்புறம் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. மொதல்ல மன்னிப்புக் கேட்டேன். கையெடுத்துக் கும்புட்டேன். நெடுஞ்சாண்கிடையா விழுந்தேன். நடு மண்டையில ஒரு கொத்து. ஆசீர்வாதம்னு நெனைச்சேன், மூணு தையல் போட்டாங்க. அந்தத் தலகாணியைக் கிழிச்சு, வலது ரெக்கை இறகு பூராவும் முன்னால கொட்டி, ‘நீ குடுத்ததுல பாதி இந்தா இருக்குது’ன்னேன். நாலு இறகை எடுத்து அடியில சொருகிட்டு மறுபடியும் கண்ணை மூடிருச்சு. கமிட்டியிலிருந்து ரெண்டு பேரு வந்து சமாதானம் பேசுனாங்க. சென்னியப்பன் ஒரு ரோசாப்பூ மாலை கொண்டாந்து அது கழுத்துல போட்டு, ‘நாங்க இருக்கோம், உடாதே’ன்னு சொல்லிட்டுப் போனானுங்க! மாலையை அது தின்னுருச்சு.

ராத்திரி பூராவும் ஊடு வெறிச்சுனு கெடக்கும். மெஸ்ஸுல வாங்கியாந்த சோத்தைப் பொடக்காளியிலயே உக்காந்து அதுகூடத்தான் திம்பேன். ‘ஏம்ப்பா, உனக்கு நான் பண்ணது தப்பு, ஒத்துக்கறேன். அவளுக்கு நான் என்ன பண்ணுனேன்?’னு கேட்டேன் ஒரு நாளு. அது மூஞ்சியைத் திருப்பிக்குச்சு. ஊடு ஊடாவே இல்லீங்க அம்மிணி. நெசமாவே சொல்றேன்.

இன்னிக்குக் காலைல வேற வழியில்லாம கூடையோட தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன். டாக்டரு ஒரு ஊசி போட்டு மயக்கி உட்டுருவாரு, அம்பை உருவிட்டு நாலு மணிக்குப் போயி நின்னுருவேன். இறகு மட்டும் கசங்காம இருந்தாப் போதும். வாழை நடு மத்தியில நிக்கும் பாருங்க என்ற அம்பு. ஆறுச்சாமி இந்த வருசம் ஹெல்மெட் வாங்கியிருக்காராமா. அது தேவையே இருக்காது.

சொல்லுங்க. என்னமோ சொல்லோணும்னு அப்பத்துல இருந்து வாயைத் தொறக்கறீங்களே.

என்னது? அடைக்கு உக்காந்திருக்குதுங்களா?

அட, வெளையாடறீங்களா அம்மிணி! அடைக்கு உக்காரறதுக்கு அதென்ன பெட்டையா? சேவல்னு சொல்லித்தான் அந்தச் சந்தைக்காரன் குடுத்தான். ஒரு வருசம் அது பின்னாலயே நடந்தவன் நானு. ஒவ்வொரு இறகும் எனக்கு அத்துப்படி. எனக்குத் தெரியாதுங்களா?

ஐயோ, கையை உடாதீங்க, கொத்திரும்! மூணு தையல் போட்டிருக்குதுன்னு சொன்னேனுல்ல... அட. உங்களை உடுதே. தூக்கறதுக்கும் உடுதே. என்னங்க இது, உங்க கைக்கு இப்படி அடங்குது?

அதென்னங்க புள்ளி புள்ளியா? முட்டையா? இத்தாப் பெரிய முட்டை... அந்த ஆப்பாயில்...

சாமி. என்ற சாமி.

கீச்சு கீச்சுங்குதே, என்னங்க அது? ஓடு வெடிக்குதுங்க! அங்க பாருங்க, ஒரு மூக்கு. அந்தக் கோடியில ஒண்ணு முழுசாவே வெளிய வந்து ஈரத்தோட கெடக்குது. இருபத்தெட்டு நாளுதான் கணக்குங்களா? எனக்கு யாருங்க சொன்னாங்க? இத்தனை பேரு வந்து பாத்தாங்களே, ஒருத்தராவது...

சரி, நான் பேச உட்டிருக்க மாட்டேன்.

அந்த அம்பை மட்டும் மெதுவா ஒண்ணு உருவறேன். உருவலாமுங்களா? ஐயய்யோ. பாருங்க அம்மிணி. வஜ்ஜிரம் பூராவும் சூட்டுல இளகிருச்சு. இறகெல்லாம் சுருண்டு, பட்டு நூலு அவுந்து, ஒண்ணுகூட அதது எடத்துல இல்ல. இதுல குஞ்சோட எச்சம் வேற. ஒரு வருசமுங்க. இருபத்தேழு இறகு. நாலு மணிக்கு சென்னியப்பன் இளிச்சுட்டே நடந்து போயி வாழை மரத்துல குத்திட்டு வருவான். எங்கப்பன் கையில இருந்த முறை. இந்த வயசுல ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து நான் அழுவேன்னு நெனைக்கவே இல்ல.

என்னங்க? போனா? அவளுக்கா? இப்பப் பண்ணி என்னன்னு சொல்றது? ... சரிங்க. பண்றேன். மொறைக்காதீங்க, பண்றேன்.

அலோ. துளசி. நாந்தேன்.

எடுத்ததும் ‘பொரிச்சிருச்சுங்களா?’ங்கறா, அம்மிணி! நாளை எண்ணிட்டே இருந்திருக்காளுங்க. ‘ரெண்டு நாளா உங்க போனுக்குத்தான் காத்திட்டிருக்கறேன்’ங்கறா. அம்பைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ம்... ஆமா துளசி, பொரிக்குது. எத்தனையா? இரு, எண்ணிச் சொல்றேன். வெளிய வந்தது நாலு, வெடிச்சது மூணு, இன்னும் நாலு முட்டை. பதினொண்ணு. அத்தனையும் வந்துரும்னு இந்த அம்மா சொல்றாங்க. அப்படீன்னா பாரேன் துளசி, பதினோரு இடது ரெக்கை! ஒரு ரெக்கைக்கு மூணு மூணா விழுந்தாக்கூட, அடுத்த வருசம் கமிட்டிக்குப் போயி...

அலோ? துளசி? சிக்னல் போயிருச்சாட்ட இருக்குதுங்க. ... இல்ல, இருக்கறா. மூச்சு உடறது கேக்குது.

என்ன? யாருகிட்ட? இந்த அம்மாகிட்டயா? எதுக்கு?

இந்தாங்க அம்மிணி, உங்ககிட்டக் குடுக்கச் சொல்றா. பேரு கூடத் தெரியாது, என்ன பேசப் போறாளோ. புடிங்க.

என்னங்க சொல்றா? சிரிக்கறீங்களே, என்னையப் பத்தியா? தலகாணி விசயம் சொல்றாளா? இதென்னங்க, உங்க ரெண்டு பேருக்கும் இத்தனை பேச்சு! அம்மிணி, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, வர்றாளான்னு. ரெண்டு மணி பஸ்ஸுக்கு வர்றாளான்னு மட்டும். குஞ்சுகளைப் பாக்கறதுக்காவது வரச் சொல்லுங்க. நான் அது பின்னால இனி நடக்கலீன்னு சொல்லுங்க. அவ எங்க போறாளோ நான்...

சரிங்க. சரிங்க, நான் பேசலீங்க. ஆட்டை இப்படிக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன். நீங்க பேசுங்க.